சட்டைப்பைச் சாணை

சாவிக்கொத்து ஒன்று கொள்ளும் இடத்துக்கு மேல் கேட்காமல் சட்டைப்பையில் அடங்கிவிடும் ஒரு சிறு உபகரணம், மலையேறுவோரும் மீன் பிடிப்போரும் தங்கள் மடக்குக் கத்தியோடு கூடவே எடுத்துச் செல்லும் பொருளாக அமெரிக்காவில் பிரசித்தி பெற்று, இப்பொழுது நம் ஊர்க் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் உடலில் இரண்டு பிளவுகள் உண்டு. ஒரு பிளவில் கரிய சாம்பல் நிறமான இரண்டு சிறு தகடுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். மற்றொன்றில் வெண்மையான இரண்டு பீங்கான் கோல்கள் அவ்வாறே நிற்கும். பக்கவாட்டில், நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே செல்வதும் தொட்டால் சொரசொரவென்று இருப்பதுமான ஒரு கம்பி மடக்கி வைக்கப்பட்டிருக்கும். இதை வாங்கியவர் பலர், முதல் நாளே வீட்டிலுள்ள கத்திகளையெல்லாம், ரொட்டி அறுக்கும் பல் வைத்த கத்தி உட்பட, முதற் பிளவில் வைத்து முன்னும் பின்னுமாக இழுத்துவிடுகிறார்கள். பின்பு அவர்களில் ஒரு சாரார் இதைப்போன்ற அற்புதம் வேறில்லை என்கிறார்கள். மற்றொரு சாரார் நல்ல கத்தியைப் பாழாக்கிவிட்டது என்று வைகிறார்கள். இரு சாராரும் சொல்வது உண்மையே. ஒரே சாதனம் இரண்டு எதிரான பலன்களைத் தருவது ஏன் என்பதை அறியவேண்டுமானால், கத்தி வெட்டுகிறது என்ற மிகச் சாதாரணமான காரியத்தின் உள்ளே புகுந்து பார்க்கவேண்டும்.

கத்தி அலகின் இரு பக்கங்களும் சரிந்து வந்து சந்திக்கும் இடமே அதன் வாய். க்ஷேத்திர கணிதத்தின்படி இரண்டு தளங்கள் சந்திக்கும் கோட்டுக்கு அகலமே கிடையாது. ஆனால், படிகங்கள் நெருங்கி அடுக்கிய எஃகுக்கு அந்தச் சலுகை இல்லையாதலால், எத்தனை தீட்டினாலும் வாயின் உச்சியில் ஒரு நுண்ணிய உருண்டை மிஞ்சியே தீரும். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்து எடுத்த ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். மனிதரின் தலைமயிர் 50 முதல் 100 மைக்ரான் வரை பருமன் உடையது. நன்றாகத் தீட்டிய சமையலறைக் கத்தியின் வாய் ஒரு மைக்ரானை ஒட்டிய அகலமுடையதாகவும், சவர அலகின் வாய் அதிலும் மிகக் குறைந்த அகலமுடையதாகவும் இருக்கும். இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தக்காளியின்மேல் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கத்தி படிகிறது என்றும், நாம் அதன்மேல் 100 கிராம் எடைக்குச் சமமான பலத்தையே செலுத்துகிறோம் என்றும் வைத்துக்கொண்டால், வாயின் அகலம் ஒரு மைக்ரானாக இருக்கும்போது, சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோகிராம் என்ற விகிதத்தில் அழுத்தம் உண்டாகிறது. அதே வாய் மழுங்கி 20 மைக்ரான் அகலமாகிவிட்டால் அழுத்தம் 50 கிலோகிராமாகக் குறைந்து, தக்காளியின் தோல் கிழிவதற்குப் பதிலாக உள்ளே அமுங்கி, நாம் எரிச்சலோடு இன்னும் அழுத்த, பழம் நசுங்குகிறது. சில சமயம் கத்தி வழுக்கி விரலிலும் படுகிறது. மழுங்கின கத்தியே அதிகமாகக் காயப்படுத்தும் என்று சமையற்காரர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அழுத்துவது மட்டும் வெட்டுவதாகாது. இங்கிலாந்தில் டோனி அட்கின்ஸ் என்ற பொறியியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும், செடார் பாலாடைக் கட்டியையும் சலாமி இறைச்சியையும் வெட்டிப் பரீட்சித்து 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கத்தியை நேரே கீழே அமுக்குவதைவிட, அமுக்கும்போதே பக்கவாட்டிலும் இழுத்தால், கீழ்நோக்கிச் செலுத்த வேண்டிய பலம் வெகுவாகக் குறைகிறது என்பதைக் கணிதத்தாலும் அளவையாலும் நிறுவினார்கள். அரிவாள்மனையில் வாழைக்காயை வைத்து அமுக்காமல் தள்ளிக்கொண்டே அரியும் பெண்கள் அனைவரும் இந்த உண்மையைக் கையால் அறிந்தவர்கள். பல் வைத்த கத்தியைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் நமக்குத் தேவைப்படும்.

கூர் எப்படிப் போகிறது என்பது கூர் என்ன என்பதைவிடச் சுவாரசியமான விஷயம். வாயின் மெல்லிய உச்சி கடினமான பொருளில் மோதி ஒரு பக்கமாக மடங்கிவிடலாம், உராய்ந்து தேயலாம், எலுமிச்சை, புளி ஆகியவற்றின் அமிலத்தால் அரிக்கப்படலாம், அல்லது துணுக்குத் துணுக்காக உடைந்து விழலாம். இந்தக் கடைசி வகையைப் பற்றி மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். எஃகைக் காட்டிலும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான மயிர், சவர அலகின் எஃகையே சில்லு சில்லாக உடைக்கிறது என்பதை அவர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழே வைத்துப் படம் பிடித்தார்கள். மயிர் வளைந்து சாய்வாக வாயைச் சந்திக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் பலம் குவிந்து வெடிப்பு உண்டாகிறதாம். மயிருக்கே இந்தச் சக்தி உண்டென்றால், பீங்கான் தட்டின்மேலும் கருங்கல் மேடையின்மேலும் வைத்து நறுக்கும் நாம் கத்திக்கு இழைக்கும் கொடுமையைச் சொல்லவேண்டியதில்லை. மரப்பலகை ஒன்று வாங்கிப் போடுவது எந்தச் சாணையையும்விட மலிவான வைத்தியம் என்பது என் அபிப்பிராயம்.

மடங்கிப்போன வாயை, கசாப்புக்காரர் இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் எஃகுத் தடியில் இரண்டு முறை தடவி நிமிர்த்திவிடலாம். அதில் உலோகம் அதிகம் கழிவதில்லை. தேய்ந்ததையும் உடைந்ததையும் அவ்வாறு சரிசெய்ய இயலாது. இரு பக்கங்களிலிருந்தும் எஃகைக் கழித்து, பழைய உச்சிக்குச் சற்று மேலே புதிய உச்சி ஒன்றை உண்டாக்க வேண்டும். ஆகவே, தீட்டுகிற ஒவ்வொரு முறையும் கத்தி சிறிது இளைக்கிறது. எவ்வளவு குறைவாகக் கழித்து எவ்வளவு சீரான உச்சியைப் பெறுகிறோம் என்பதிலேயே சாணை பிடிப்பவரின் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது. சட்டைப்பைச் சாணையின் குணதோஷங்களையும் இந்த ஒரே அளவுகோலால் நிர்ணயித்துவிடலாம்.

முதற் பிளவில் நிற்கும் தகடுகள் டங்ஸ்டன் கார்பைடு என்ற பொருளால் ஆனவை. டங்ஸ்டனும் கரியும் சேர்ந்த அப்பொருளின் நுண்துகள்களைக் கோபால்ட் உலோகத்தைக் கொண்டு பிணைத்து உறுதியான கட்டியாக்கும் முறைக்கு, ஜெர்மனியில் மின்விளக்குகள் செய்த ஆஸ்ராம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர் 1923-ல் காப்புரிமை கோரினார். விளக்கின் உள்ளே எரியும் மெல்லிய டங்ஸ்டன் இழையை இழுத்து நீட்டுவதற்கு அதுவரை வைரத்தில் துளையிட்ட அச்சுகள் வேண்டியிருந்தன. அந்தச் செலவைக் குறைக்கத் தேடியபோது கிடைத்த பொருள், உலகத்தின் கடைசல் பட்டறைகளையெல்லாம் ஆட்கொண்டு, கடைசியில் நம் வெங்காயக் கத்திவரை வந்து சேர்ந்திருக்கிறது. கத்தியின் எஃகைவிட அது இரண்டு மடங்குக்கு மேல் கடினமானது. தகட்டின் சதுரமான ஓரம் அலகின் பக்கத்தில் மிகச் சிறிய இடத்தில் மட்டுமே படுவதால், நாம் மெதுவாக அழுத்தினாலும் அங்கே பிரம்மாண்டமான அழுத்தம் உண்டாகி, தச்சனின் இழைப்புளி மரத்தைச் சீவுவதைப்போல எஃகைச் சுருள் சுருளாகச் சீவி எடுக்கிறது. பிளவின் அடியில் வெள்ளித் தூளாக உதிர்வது அதுவே. கல் எஃகைத் தேய்க்கிறது. கார்பைடோ எஃகைச் சீவுகிறது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; ஏனெனில், கல்லில் தீட்டினால் கீறல்கள் வாய்க்குக் குறுக்காக அமைய, கார்பைடு பிளவில் இழுத்தால் அவை வாயின் நீளத்திலேயே ஓடி, உச்சியைக் கிழிந்த துணியின் ஓரம்போல் ஒழுங்கற்றதாக விட்டுவிடுகின்றன. அப்படிப்பட்ட வாய் அப்போதைக்கு வெடுக்கென்று வெட்டும். சில நாட்களிலேயே துவண்டுபோகும்.

ஆயினும் இந்தப் பிளவுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கல்லில் தீட்டுவோருக்கு மிகவும் கடினமான பாடம், முதல் இழுப்பிலிருந்து கடைசி இழுப்புவரை கத்தியை ஒரே கோணத்தில் சாய்த்துப் பிடிப்பதே. பழக்கமில்லாத கை ஊசலாடும். ஊசலாடினால் வாய் கூராவதற்குப் பதிலாக உருண்டையாகும். பிளவில் கத்தியை நிமிர்த்திப் பிடித்தால் போதும். கோணத்தைத் தகடுகளே நிர்ணயித்துவிடுகின்றன. பெரும்பாலான சாணைகளில் அது பக்கத்துக்கு 20 பாகையை ஒட்டியிருக்கும். மேல்நாட்டுச் சமையலறைக் கத்திகளின் கோணமும் அதுவே. தோஷமும் இதே குணத்திலிருந்துதான் பிறக்கிறது. பக்கத்துக்கு 15 பாகையில் மெல்லியதாகத் தீட்டிய ஜப்பானியக் கத்தியை இதில் இழுத்தால், அதன் நுண்மையை அழித்து 20 பாகையாக்கிவிடும். அதுமட்டுமன்றி, ராக்வெல் அளவையில் 60-க்கு மேல் கடினமுள்ள அந்த எஃகு, சீவப்படுவதற்குப் பதிலாகப் பொறிந்து உடையவும் கூடும். இதற்கு மாறாக, 25 பாகையில் தடிப்பாகத் தீட்டிய மலிவான கத்தியை இழுத்தால், தகடுகள் வாயைத் தொடாமல் அதற்கு மேலுள்ள தோளையே சீவிக்கொண்டிருக்கும். எத்தனை இழுத்தாலும் கூர் வரவில்லையே என்று நாம் திகைப்போம். இவ்விரண்டில் எது நிகழ்கிறது என்று கண்டறிய எளிய யுக்தி ஒன்று உண்டு. வாயின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி ஒரே முறை இழுத்துப் பார்த்தால், மை அழிந்த இடம் தகடு பட்ட இடத்தைக் காட்டிவிடும்.

துருப்பிடிக்காத சாதாரண எஃகில் செய்த கத்திகளே இந்தப் பிளவுக்கு ஏற்றவை. ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய்களுக்காக எஃகு தேடி, ஏறத்தாழ நூற்றுக்கு 13 பங்கு குரோமியம் கலந்த எஃகை 1913-ல் வார்த்தபோது, அதில் செய்த முதற் கத்திகளுக்குக் கூர் நில்லாமையால், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவ்வூர்க் கத்திக்காரர்கள் அவரைப் பரிகசித்தார்களாம். அந்தக் குறை பிறகு பெரும்பாலும் நீங்கியதெனினும், இன்றும் மலிவான கத்திகளின் எஃகு மென்மையானதே. மென்மையான எஃகு விரைவில் மழுங்கும். அதே காரணத்தால் கார்பைடுக்கு எளிதில் வசப்படும்.

பிரயோகிக்கும் முறையை இனிச் சொல்லலாம். சாணையைக் கையில் ஏந்திக்கொண்டு இழுப்பது விரலுக்கு ஆபத்து. மேஜையின் ஓரத்தில் வைத்து, விரல்கள் பிளவுக்குக் கீழே இருக்கும்படி அழுத்திப் பிடித்துக்கொள்வதே பத்திரமானது. கத்தியின் பிடியை ஒட்டிய பகுதியைப் பிளவில் வைத்து, நுனி வரையில் ஒரே சீராக நம்மை நோக்கி இழுக்க வேண்டும். அலகு வளைந்து செல்லும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தினால்தான் நுனிக்கும் கூர் கிடைக்கும். முன்னும் பின்னுமாக அறுப்பது கூடவே கூடாது. கத்தியின் எடையோடு சிறிது பலம் சேர்ந்தால் போதுமானது. மிகவும் மழுங்கியிருந்தால் மூன்று நான்கு இழுப்புகள் கார்பைடில். இல்லையேல் அந்தப் பிளவை அறவே விட்டுவிட்டு, நேரே பீங்கானுக்குச் செல்லலாம். பீங்கான் கோல் என்பது குருந்தக் கல்லின் பொருளாகிய அலுமினியம் ஆக்ஸைடைச் சுட்டு இறுக்கியது. அது சீவுவதில்லை, மெல்லத் தேய்க்கிறது. கார்பைடு விட்டுச்சென்ற கரடுமுரடைச் சமன்செய்வதும், ஓரத்தில் தொங்கும் பிசிறை நீக்குவதும் அதன் வேலை. எஃகு எந்தப் பக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் மயிரினும் மெல்லிய ஓர் உலோகச் சவ்வு மடிந்து நிற்கும். இதையே பிசிறு என்கிறோம். பிசிறு இருந்தால் வாய் உச்சிவரை தீட்டப்பட்டது என்பதற்கு அத்தாட்சி. ஆனால், அது நீங்காமல் தங்கிவிட்டால் முதல் வெங்காயத்திலேயே ஒடிந்து, வாயைப் பழையபடி மழுக்கிவிடும். ஆகையால், கடைசி இழுப்புகளில் கையின் பலத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். நாவிதர்கள் தீட்டிய கத்தியைத் தோல்வாரில் தடவியது இந்தப் பிசிறை ஒழிக்கவே.

பல் வைத்த கத்தியின் தத்துவம் தமிழ் உழவருக்குப் புதியதன்று. பனைமட்டையின் இரு ஓரங்களிலும் இயற்கை வைத்திருக்கும் கருக்கைப்போல, கதிர் அறுக்கும் கருக்கரிவாளின் உள்வளைவில் கொல்லர் உளியால் வெட்டி வைத்த பற்கள், வழுக்கும் நெல்தாளை நழுவவிடாமல் பற்றி இழுத்து அறுக்கின்றன. மேல்நாட்டில் இதே யுக்தி ரொட்டிக்கு வந்தது. எஸ்லிங்கன் நகரத்தில் அரங்களும் தீட்டுதடிகளும் செய்து புகழ்பெற்ற ஃப்ரீட்ரிக் டிக் என்ற ஜெர்மானிய நிறுவனம், ரொட்டிக் கத்தி ஒன்றை 1893-ல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் வைத்தது. விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபை அதே கண்காட்சியை ஒட்டி நிகழ்ந்ததே. பிற்காலத்தில், கொலராடோ மாநிலத்தில் பீங்கான் தீட்டுகோல்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்த ஸ்பைடர்கோ நிறுவனம், 1981-ல் மடக்குக் கத்தி செய்யத் தொடங்கி, சட்டைப்பைக் கத்திகளிலும் பல் வைக்கும் வழக்கத்தைப் பரப்பிற்று. தீட்டுவதற்கு மிகவும் சிரமமான வாயை மக்களிடையே பரப்பியவர்கள் தீட்டுகோல் வியாபாரிகள் என்பதைக் கவனித்துப் புன்னகை செய்யலாம்.

பற்களின் நுனிகள் மட்டுமே முதலில் பொருளைத் தொடுவதால் பலம் அங்கே குவிந்து, ரொட்டியின் முரட்டு ஓட்டையும் தக்காளியின் தோலையும் கயிற்றின் நாரையும் குத்தித் திறந்துவிடுகிறது. பிறகு, பள்ளங்களின் சாய்வான வாய் அத்திறப்பில் புகுந்து, அட்கின்ஸ் அளந்து காட்டிய அந்தப் பக்கவாட்டு இழுப்பைத் தானாகவே உண்டாக்குகிறது. பலகையில் மோதித் தேய்வதெல்லாம் நுனிகளே. பள்ளங்கள் ஒதுங்கி நிற்பதால் நெடுநாள் கூராகவே இருக்கின்றன. ஆகவேதான், வருஷக்கணக்கில் தீட்டாத ரொட்டிக் கத்தியும் ஒருவாறு அறுத்துக்கொண்டிருக்கிறது. வெட்டின முகம் மழமழப்பாக இராது என்பது இதன் குறை. மீனுக்கும் இறைச்சிக்கும் இது உதவாது.

இத்தகைய அலகைக் கார்பைடு பிளவில் இழுத்தால் என்ன ஆகும் என்பதை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பார். தகடுகள் பள்ளத்தில் இறங்காமல் நுனிக்கு நுனி தாவிச் சென்று, நுனிகளை மட்டும் சீவிச் சீவி, கடைசியில் பல்லுமின்றி வழவழப்புமின்றி இரண்டுங்கெட்டானான ஒரு வாயை உண்டாக்கும். மடக்கி வைத்த அந்தக் கம்பி இதற்கென்றே அமைந்தது. அதன்மேல் சொரசொரப்பாக ஒட்டியிருப்பவை வைரத் துகள்கள். நிக்கல் முலாமினால் எஃகுக் கம்பியில் பதிக்கப்பட்டவை. நியூயார்க் மாநிலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலையில் டிரேஸி ஹால் என்பவர், வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு அழுத்தத்தில் கரியை வைரமாக்கியது 1954 டிசம்பரில். ராஜாக்களின் கிரீடத்தில் இருந்த பொருள் ஒரு மலிவான கம்பியின்மேல் பூசும் தூளாக முடிந்தது இத்தகைய செயற்கை வைரத்தால்தான்.

பல் கத்தியைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவற்றில் பள்ளங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே குடையப்பட்டு, மறுபக்கம் தட்டையாக இருப்பது தெரியும். குடைந்த பக்கத்தில் மட்டுமே கம்பி வேலை செய்யவேண்டும். முதற் பள்ளத்தில், அதன் சரிவு எப்படியோ அப்படியே கம்பியைச் சாய்த்து வைத்து, வாயிலிருந்து முதுகுப்புறம் நோக்கி மெல்லத் தள்ளினால், சிறுத்த நுனியில் தொடங்கிய கம்பி பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் இடத்தில் நிரம்பி நிற்கும். அதற்குமேல் பலவந்தமாகத் தள்ளினால் பள்ளம் அகன்று, பல் குட்டையாகிவிடும். நாலைந்து தள்ளல்களுக்குப் பிறகு, மறுபக்கத்தில் விரல்நகத்தை வாய்க்குக் குறுக்காக வெளிநோக்கி இழுத்துப் பார்த்தால் பிசிறு தட்டுப்படும். தட்டுப்பட்டதும் அடுத்த பள்ளத்துக்குப் போகவேண்டும். எல்லாப் பள்ளங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளினால் பற்கள் சமமாக அமையும். முடிவில், தட்டையான பக்கத்தை நுண்ணிய கல்லின்மேல் படியவைத்து ஓரிரு முறை தடவினால் பிசிறு உதிர்ந்துவிடும். கல் இல்லாதவர்கள் பீங்கான் பிளவில் மிக இலேசாக ஒரு முறை இழுக்கலாம். ரொட்டிக் கத்தி ஒன்றில் பற்கள் முப்பதுக்கு மேல் இருக்குமாதலால் பொறுமை வேண்டும். ஆனால், இந்தப் பொறுமையை வருஷத்துக்கு ஒரு முறை காட்டினாலே மிகுதி. மிக நுண்ணிய பற்கள் கொண்ட மலிவுக் கத்திகளில் கம்பி நுழையவே நுழையாது. அவை மழுங்கினால் வேறு வாங்குவதே விவேகம்.

தெருவில் சக்கரம் மிதித்துச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நல்ல கையாக இருந்தால் கொடுக்கலாம். ஆனால், நீர் விடாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் ஒரு சங்கடம் உண்டு. கத்தியின் எஃகை முதலில் கடினமாக்கி, பிறகு பெரும்பாலும் 200 பாகை சென்டிகிரேடை ஒட்டிய சூட்டில் பதப்படுத்துகிறார்கள். சூட்டை ஏந்திச் செல்லப் போதிய உலோகமில்லாத மெல்லிய வாய், சக்கரத்தின் உராய்வில் ஒரு நொடியில் அந்த அளவைத் தாண்டிவிடக்கூடும். வாயோரம் நீலம் பாரித்தால் வெப்பம் 300 பாகையை எட்டிவிட்டது என்றும், அவ்விடத்தில் பதம் போய்விட்டது என்றும் அறியலாம். கையால் இழுக்கும் சட்டைப்பைச் சாணையில் இந்த அபாயம் இல்லை.

சட்டைப்பைச் சாணையால் இயலாத காரியம் ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. வாய் தேய்ந்து தேய்ந்து மேலே ஏறும்போது, அலகின் தடித்த பகுதியை நெருங்குகிறது. அப்பொழுது வாய் கூராக இருந்தாலும் தோள் தடிப்பாகிவிடுவதால், கத்தி கேரட்டை அறுப்பதற்குப் பதிலாகப் பிளக்கத் தொடங்கும். தோளை மெல்லியதாக்கக் கல்லே வேண்டும். அமெரிக்கரான அச்சிசன் 1891-ல் மின் உலையில் உண்டாக்கிய சிலிக்கன் கார்பைடால் ஆன, ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நைசுமான கார்போரண்டம் கல் இரும்புக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். சென்னையில் 1954-ல் முருகப்பா குழுமம் அந்நிய நிறுவனங்களோடு கூட்டாகத் தொடங்கிய கம்பெனி இத்தகைய சாணைப் பொருள்களை இங்கேயே செய்துவருகிறது.

எனவே, விலையுயர்ந்த கத்திக்கும் பாட்டி காலத்துக் கரி எஃகுக் கத்திக்கும் கல்லையே நாடுங்கள். அன்றாடம் புழங்கும் சாதாரணக் கத்திக்கு, கார்பைடை அபூர்வமாகவும் பீங்கானை அடிக்கடியும் பயன்படுத்தினால், இந்தச் சிறு சாணை தன் விலைக்கு மேலாகவே உழைக்கும். தீட்டி முடித்ததும் அலகை முதுகிலிருந்து வாயை நோக்கி ஈரத்துணியால் துடைத்துக் கழுவிய பின்னரே காய்கறியில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத எஃகுத் தூள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.